எட்டாவது சீட்டுக்காரர்

திருமுருகன்பூண்டியில் ஒரு கல்லுக்குள்ளிருந்து சாமியைச் செதுக்கி எடுக்க ஆறு மாதம் ஆகும். எட்டு சீட்டு வண்டிக்குள்ளிருந்து பேயைப் பிடித்து எடுக்க ஆறு நிமிடம் போதும். அதனால்தான் சிற்பக்கூடத்து வாசலில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அதை ஒட்டிய காலி மைதானத்தில் நூற்றுப் பத்து வண்டிகள் நின்றன.

எல்லாம் பெரிய வண்டிகள். எட்டுப் பேர் போகலாம் என்று கம்பெனிக்காரன் சொல்வான். கல்யாண சீசனில் பதினொரு பேர் போவார்கள். வெள்ளை, சாம்பல், மறுபடியும் வெள்ளை. குங்குமம் வைத்த வண்டிக்குப் பக்கத்தில் கண்ணாடியில் சிலுவை தொங்கும் வண்டி, அதற்குப் பக்கத்தில் 786 ஒட்டிய வண்டி. மத நல்லிணக்கத்துக்கு ஆண்டுக்கு ஒரு ஊர்வலம் நடத்துகிறவர்கள் இந்த மைதானத்தைப் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்கள். ஏமாறுவதில் எந்த மதமும் எந்த மதத்துக்கும் இளைத்ததாக இல்லை.

பந்தல் முகப்பில் பேனர்: 'இருக்கைச் சித்தர் ஆத்தப்ப சுவாமிகள். வாகனங்களின் காலி இருக்கை தோஷம் நீக்கப்படும். செவ்வாய், வெள்ளி மட்டும். டூவீலர் அனுமதி இல்லை.'

பேய்க்கும் வசதியான வீடுதான் பிடிக்கும் போலிருக்கிறது.

சுவாமிகளின் தத்துவம் எளிமையானது. குடும்பத்தில் ஏழு பேர், வண்டியில் எட்டு சீட்டு. அந்த ஒரு சீட்டைக் காலியாக ஓட்டிக்கொண்டு போனால், ரோட்டோரம் அகால மரணம் அடைந்தவர்கள் சும்மா நிற்பார்களா? ஏறிக்கொள்வார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவிநாசி போகும் டவுன் பஸ்ஸில் முப்பது சீட்டு காலியாகப் போகிறதே, அதில் ஏன் ஏறவில்லை என்று எவரும் கேட்கவில்லை. ஏசி இல்லாததால் இருக்கலாம்.

அந்த வரிசையில் நாற்பத்தேழாவது வண்டி முருகவேலுடையது.

பக்கத்துப் பனியன் நகரத்து ராயபுரத்தில் வீடு, இருபத்திரண்டு தையல் மெஷின் ஓடும் சின்ன யூனிட், பனியன் தொழிலில் இருபது வருட அனுபவம். இவ்வளவும் உள்ள மனிதர், மனைவி கீதாஞ்சலியோடு, கையில் டோக்கனும் முகத்தில் பீதியுமாக நின்றார்.

ஒரு வருடத்துக்கு முன் அந்த வண்டி வந்தபோது அவருடைய தெருவே வாசலுக்கு வந்தது. வருவதற்கு வேறு வழியும் இல்லை; வண்டி உள்ளே நுழைந்தால் தெருவில் வேறு எதுவும் நகர முடியாது. அன்று முதல் முருகவேலுக்குச் சொந்தக்காரர்கள் பெருகினார்கள். பத்து வருடமாகப் பேசாத சித்தப்பா பழனிக்குப் போக வேண்டும் என்று போன் செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் தன் மாமியாரை ஈரோடு ஜங்ஷனில் இறக்கிவிடச் சொன்னார். பெரிய வண்டி வைத்திருப்பவன் சம்பளம் இல்லாத டிரைவர் என்பது முருகவேலுக்கு மூன்றாவது மாதத்தில் புரிந்தது. ஆனாலும் பெருமை போகவில்லை. ஷோரூமில் சீட் உறைக்குச் சொன்ன விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஏற்றுமதியில் கழிந்த இன்டர்லாக் பனியன் துணியில், சீட்டுக்குச் சீட்டு கச்சிதமாக, தன் யூனிட்டிலேயே உறை தைத்து மாட்டினார். பனியன் ஊர்க்காரன் வண்டிக்குப் பனியன் போட்டுவிட்டான் என்று நண்பர்கள் சொன்னார்கள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் ஏழு பேர். முன்னால் முருகவேலும் அவர் அப்பாவும். நடு வரிசையில் அம்மா, கீதாஞ்சலி, மகள் நித்யஸ்ரீ. கடைசி வரிசையில் ஒரு ஓரம் மகன் சுரேஷ், நடுவில் முருகவேலின் தங்கை சித்ரகலா, மறு ஓரம் காலி.

சித்ரகலாவுக்குக் கடைசி வரிசை என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வண்டிக்குப் பூஜை போட்ட அன்று எல்லோரும் ஏறினார்கள். மிச்சமிருந்தது அது. மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவன் சசிகுமார் பல்லடம் ரோட்டில் பைக்கோடு விழுந்து இறந்த நாளிலிருந்து, மிச்சமிருப்பதுதான் அவளுக்கு என்பது அந்த வீட்டில் பேசாமலே முடிந்துபோன ஏற்பாடு. பகலெல்லாம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவை நடத்துகிறவள். வெளிநாடு போகும் டீ சர்ட்டில் ஓர் ஊசி ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து, அதன்மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவாள். வீட்டில் அவளையே யாரோ ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கியிருந்தார்கள்.

போன மாதம்தான் அது ஆரம்பித்தது.

வண்டியை ஸ்டார்ட் செய்தால் 'டிங், டிங்' என்று மணி. நிற்காமல். டேஷ்போர்டில் சிவப்பாக ஓர் ஆள் உருவம். உட்கார்ந்திருக்கிறது. தலை உண்டு, முகம் இல்லை. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் எட்டுச் சின்னக் கட்டங்கள். கடைசி வரிசை ஓரக் கட்டம் மட்டும் ரத்தச் சிவப்பு.

காலியான சீட்டு.

"ஏனுங்க, நெஞ்சுல அடிபட்டுச் செத்தவங்க மாதிரியே இருக்குதுங்க," என்றாள் கீதாஞ்சலி.

முருகவேல் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். சாமியிடம் செவ்வாய்க்கிழமையே டோக்கன் கிடைத்தது. வண்டியோடு வந்த விளக்கப் புத்தகம் ஒன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டியில் கிடந்தது. பூஜை அன்று அதற்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். புத்தகத்தைக் கும்பிடுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. படிப்பதுதான் பழக்கம் இல்லை.

ஆகவே செவ்வாய்க்கிழமை. திருமுருகன்பூண்டி.

டோக்கன் மேசையில் இருந்தவன் சீனிச்சாமி. சுவாமிகளின் மைத்துனன், அவிநாசி ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் ஸ்டாண்டும் வைத்திருப்பவன். ஒரு ஃபாரத்தை நீட்டினான். பெயர், முகவரி, வண்டி வாங்கிய தேதி. ஒன்பதாவது வரி: 'குடும்பத்தில் அகால மரணம் உண்டா? பெயர், வயது, விதம்.' முருகவேல் பக்கத்து ஆளிடம் பேனா இரவல் வாங்கி, அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தார். பதினோராயிரம் காணிக்கையையும் வைத்தார்.

நாலு மணி நேரம் கழித்து சுவாமிகள் வண்டிக்கு வந்தார். ஆரஞ்சு ஜிப்பா, கழுத்தில் மூன்று கிலோ ருத்திராட்சம், கையில் பளபளக்கும் பித்தளைச் செம்பு.

"ஸ்டார்ட் பண்ணு."

டிங், டிங்.

சுவாமிகள் கண்ணை மூடினார். "ஆண். முப்பத்தெட்டு வயசு. ரெண்டு சக்கரத்துல போனவன். பேரு... ச... சசி..."

"சசிகுமாருங்க சாமி," என்றார் முருகவேல். இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? யார் சொல்லியிருப்பார்கள்? தன் கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் சந்தேகித்துப் பார்த்தார். தெய்வ சக்திதான்.

"அவன் பொஞ்சாதி எங்க உக்காருவா?"

"பக்கத்து சீட்டுங்க."

"அதான் பக்கத்துலயே உக்காந்திருக்கான்."

கீதாஞ்சலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவாமிகள் மஞ்சள் நூலை எடுத்துக் காலி சீட்டின் பெல்ட்டில் மூன்று சுற்று சுற்றினார். "கட்டு, கட்டு, எட்டும் கட்டு," என்று முணுமுணுத்தபடி பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் செருகினார்.

கிளிக்.

மணி நின்றது. சிவப்பு ஆள் மறைந்தான். சுற்றி நின்ற கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பேய்க்கு சீட் பெல்ட் போட்டுவிட்ட முதல் சித்தர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

"கட்டியிருக்கேன். ஆனா இறங்கல," என்றார் சுவாமிகள். "வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. 'இனி இந்த வண்டியில ஏற மாட்டேன்'னு அவ வாயால சொல்லோணும். சொன்னா இறங்கிருவான். சொல்லலைன்னா கட்டு நிக்காது. அப்புறம் வண்டியை வித்துடறதுதான் உத்தமம். சீனிச்சாமி பாத்துக்குவான்."

சீனிச்சாமி கருணையோடு தலையசைத்தான்.

இங்கே ஒரு சிக்கல். வரும் ஞாயிற்றுக்கிழமை குண்டடத்தில் நித்யஸ்ரீக்கு நிச்சயதார்த்தம். வீடே அந்த வண்டியில்தான் போக வேண்டும்.

அன்று சாயங்காலம் சித்ரகலா வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது முருகவேல் விஷயத்தைச் சொன்னார். சொன்னார் என்பதைவிட, சமையலறை வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு உதிர்த்தார் என்பதே சரி.

"ஞாயித்துக்கிழமை நீ பஸ்ஸுல வந்துரு சித்ரா. தாராபுரம் பஸ்ஸு குண்டடத்துல நிக்கும். கூட்டமே இருக்காது."

சித்ரகலா துண்டில் கையைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள்.

"எல்லா நல்லதுக்குந்தான் ஒதுங்கி நிக்கிறேனுங்கண்ணா. இப்ப வண்டியிலயும் எடமில்லீங்களா?"

"என்ர கையில என்ன இருக்குது? நம்ம சசிகுமார் மாப்பிள்ளையே வந்து உக்காந்திருக்காரு. சாமி பேரைக்கூடச் சொல்லிட்டாரு."

உள்ளே இருந்து நித்யஸ்ரீ வந்தாள். "அத்தை ஏறலைன்னா நானும் ஏறலீங்கப்பா. நிச்சயத்துக்குப் பொண்ணு வேண்டாம்னா நீங்க மட்டும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

"பெரியவங்க பேச்சுல தலையிடாத கண்ணு."

"பெரியவங்க பேசினாத்தானுங்கப்பா."

சித்ரகலா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கால் மணி நேரம் கடைசி வரிசையில் என்னவோ செய்தாள். திரும்பி வந்தபோது கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

"அண்ணி, அந்த ஓர சீட்டு உறையை மட்டும் தோச்சீங்களா?"

"ஆமா. திம்பம் மலைக்குப் போனப்ப சுரேஷு அங்க மாறி உக்காந்து வாந்தி எடுத்து வெச்சான்ல. யூனிட்டுல வெந்நீருல போட்டு, டிரையர்ல காய வெச்சு எடுத்தேன். உங்கண்ணன்தான் இழுத்துப் புடிச்சு மாட்டுனாரு. ஏனு?"

"ஒண்ணுமில்லீங்கண்ணி." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை வாரேனுங்கண்ணா. சாமி சொல்லச் சொன்னதைச் சொல்லிடறேன்."

முருகவேலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அவள் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் கூட்டம் இன்னும் அதிகம். 'செத்த புருஷன் வண்டியில வாராராம், பொஞ்சாதி பேசப் போறாளாம்' என்று செய்தி பரவியிருந்தது. வேர்க்கடலை விற்கிறவன் வந்துவிட்டான். சித்ரகலா கம்பெனியிலிருந்து நூல் சுற்றிய கோன்கள் அடங்கிய ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தாள். முப்பது கிலோ. வழியில் ஓரிடத்தில் இறக்க வேண்டும் என்றாள். சீட்டில் வைக்காமல் கால் வைக்கும் இடத்தில் வைத்தாள்.

பக்கத்தில் நூருல்லா நின்றார். பனியன் வேஸ்ட் வியாபாரி, முருகவேலின் பழைய சிநேகிதர். அவருடைய எட்டு சீட்டு வண்டியில் மூன்று தடவை கட்டுப் போட்டும் பேய் இறங்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் சீனிச்சாமி மூலம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, இப்போது ஒரு சின்னக் கார் வாங்கி, அதிலும் ஏதாவது இருக்குமோ என்று காட்ட வந்திருந்தார்.

சுவாமிகள் வந்தார். முருகவேல் வண்டியை ஸ்டார்ட் செய்தார். காலி சீட்டின் பெல்ட் மாட்டியே இருந்ததால் சத்தம் இல்லை. சுவாமிகள் மஞ்சள் நூலை லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"உள்ளதான் இருக்கான். சொல்லும்மா. இனி ஏற மாட்டேன்னு சொல்லு."

"சொல்றேனுங்க சாமி. அதுக்கு முன்னாடி அவருகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கலாமுங்களா?"

"பேசு. உன்ர குரல் கேக்கும்."

"நான் சொன்னாச் செய்வாருங்களா?"

"உன்னைத் தேடித்தானே வந்திருக்கான். நீ சொன்னா மட்டுந்தான் செய்வான்."

"அப்படின்னா முன்னாடி சீட்டுக்கு வரச் சொல்றேனுங்க."

சுவாமிகள் அடுத்த மூச்சை விடுவதற்குள் சித்ரகலா முன் கதவைத் திறந்தாள். மூட்டையிலிருந்து நாலு கோனை ஒரு கட்டைப் பையில் போட்டு எடுத்திருந்தாள். அதை முன் சீட்டில் வைத்தாள்.

டிங், டிங்.

கூட்டத்தில் ஒரு பெண் வீலிட்டாள்.

"வந்துட்டாருங்க," என்றாள் சித்ரகலா. "உசுரோட இருந்தப்பவே பின்னாடி உக்காந்தாத் தலை சுத்துதும்பாரு. எந்த வண்டியில ஏறினாலும் முன் சீட்டுக்குத்தான் ஓடுவாரு. செத்த பொறகு மட்டும் ஏன் கடைசி சீட்டுல போய் உக்காந்தாருன்னு மூணு நாளா யோசிச்சேனுங்க."

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். அவள் பையைத் தூக்கினாள். மணி நின்றது. நடு வரிசையில் வைத்தாள். டிங். பக்கத்து சீட்டு. டிங். அதற்குப் பக்கத்து சீட்டு. டிங்.

"எட்டுக் கிலோ நூலுங்க சாமி. பேய்க்கும் எட்டுக் கிலோதானுங்களா?"

சுவாமிகள் லேசுப்பட்டவர் அல்ல. "நூலுல இறங்கியிருக்கான்," என்றார் கணீரென்று.

"ஆமா, நூலுல இறங்கலாம்," என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். பலர் தலையாட்டினார்கள். காணிக்கை கட்டியவனுக்குச் சாமியைவிட அதிக நம்பிக்கை தேவைப்படுகிறது.

"அப்ப நூலு வேண்டாமுங்க." சித்ரகலா பையைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனாள். மஞ்சள் நூலைப் பிய்த்தாள். பெல்ட்டைக் கழற்றினாள். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. டிங், டிங், டிங் என்று மணி அலறியது. டேஷ்போர்டில் சிவப்பு ஆள். முருகவேல் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தன் கழுத்துத் தாயத்தைப் பிடித்துக்கொண்டார்.

சித்ரகலா உறையின் ஓரத்தைப் பிடித்து உரித்தாள். கோழித் தோல் மாதிரி இறுக்கமாக வந்தது. கடைசி முனை விடுபட்டது.

மணி நின்றது.

மந்திரம் இல்லை. கட்டு இல்லை. சீட்டு இருந்தது. சத்தம் இல்லை.

"இப்ப எங்கீங்க போனாரு?"

அவள் பக்கத்து சீட்டின் உறையையும் கழற்றி, இரண்டையும் வண்டியின் முன் மூடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாள். ஒரே அளவு வெட்டு, ஒரே தையல். ஒன்று இரண்டரை இஞ்ச் குட்டை. கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, குறைந்த இடத்தைக் காட்டி ஒட்டினாள்.

"வெந்நீருல தோச்சு, டிரையர்ல போட்டிருக்காங்க. சுருங்கிப் போச்சு. அதை இழுத்து மாட்டினதுல மெத்தையைப் புடிச்சு அமுக்கிட்டு இருந்துதுங்க. யாரோ உக்காந்துட்டு பெல்ட்டு போடலைன்னு வண்டி நெனச்சுக்குச்சு. அதான் மணி. இன்டர்லாக் துணி சுருங்கும்னு இந்த ஊருல வேலைக்கு வந்த முதல் நாளே தெரிஞ்சுக்குவாங்க. என்ர அண்ணனுக்கு இருபது வருச சர்வீஸுங்க."

மைதானத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் முருகவேலைப் பார்த்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பனியன்காரர்கள். அந்த வண்டிப் பேய் தான்தான் என்றால் மறைந்துவிடலாமே என்று முருகவேல் ஏங்கினார்.

"அது உங்க வண்டிக்குச் சரிம்மா," என்றார் நூருல்லா. "என்ர வண்டியில உறையே கிடையாதே. சாமி செம்பை சீட்டுல வெச்சு 'வா'ன்னாரு. உடனே மணி அடிச்சுது. நான் கண்ணால பாத்தேன்."

"அந்தச் செம்பைத் தூக்கிப் பாருங்க பாய்."

சுவாமிகள் செம்பைப் பின்னால் மறைத்தார். நூருல்லாவுக்கு வேஸ்ட் துணி மூட்டை தூக்கிப் பழகிய கை. ஒரே இழுப்பு. வாங்கியவர் கை சட்டென்று கீழே இறங்கியது. மேலே இருந்த வேப்பிலையை எடுத்து உள்ளே பார்த்தார்.

"தீர்த்தம்னாரு. மணலு. அடியில ஈயம் ஊத்தி வெச்சிருக்கான்."

"கங்கைக் கரை மணல்," என்றார் சுவாமிகள். குரலில் பழைய கணீர் இல்லை.

"அப்ப ஒரே ஒரு சந்தேகமுங்க சாமி," என்றாள் சித்ரகலா. "உங்க வண்டி எங்கீங்க நிக்குது?"

"துறவிக்கு ஏதம்மா வண்டி?"

சிற்பக்கூடத்து ஆள் ஒருவர் மதிலுக்கு மேலிருந்து உளியை நீட்டினார். "பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடியிருக்குதுங்க. தினமும் சாயங்காலம் குடும்பத்தோட கெளம்புவாரு."

கூட்டம் மதிலைச் சுற்றி ஓடியது. தார்ப்பாயை இழுத்தார்கள். எட்டு சீட்டு. சாம்பல் நிறம். உள்ளே குழந்தை பால் புட்டி, பாதி தின்ற முறுக்குப் பொட்டலம். பின் கண்ணாடியில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்.

நூருல்லா அதை விரலால் தொட்டார். "இது என்ர மக ஜுவைரியா ஒட்டினது. இது என்ர வண்டி. இதுல பேய் இறங்கவே இறங்காதுன்னியே. இதுல உன்ர கொழந்தையை உக்கார வெச்சு ஓட்டுறியா?"

"கட்டுப் போட்டு..."

"கட்டுப் போட்டா எனக்கே போட்டிருக்க வேண்டியதுதானே?"

"சண்டை வேண்டாமுங்க," என்றாள் சித்ரகலா. "சாமி வண்டியிலயும் ஒருக்கா அவரை உக்காரச் சொல்லிப் பாத்துருவோம். அண்ணா, அந்த மூட்டையை எடுத்துட்டு வாங்க."

முருகவேல் மூட்டையைத் தூக்கினார். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்திருந்தது. கோபம் வந்த மனிதர் எடை பார்ப்பதில்லை. மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, கடைசி சீட்டைப் பார்த்து ஓங்கினார்.

"ஏய், ஏய், அப்படிப் போடாதீங்க," என்று அலறிக்கொண்டு பாய்ந்தார் சுவாமிகள். "சென்சாரு போயிரும்!"

வேர்க்கடலைக்காரன்கூடப் பொட்டலம் மடிப்பதை நிறுத்தினான்.

"எதுங்க சாமி போயிரும்?" என்றாள் சித்ரகலா, மிக மரியாதையாக.

ஆத்தப்பன் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். ருத்திராட்சம் மண்ணில் புரண்டது. குரல் சாதாரண மனிதக் குரலாகிவிட்டது.

"சீட் கவர் கடையில ஒம்பது வருசம் வேலை பாத்தேனுங்க. இறுக்கி மாட்டினா இந்த மணி அடிக்கும். கஸ்டமரு சண்டைக்கு வருவாங்க. ஒரு நாள் ஒருத்தரு, 'ஏப்பா, பேய் கீய் இருக்குமா'ன்னு கேட்டாரு. நானாச் சொல்லலீங்க. அவருதான் கேட்டாரு. ஆமான்னு பெல்ட்டை மாட்டிவிட்டேன். அவரு கொடுத்துட்டுப் போனது எனக்கு ஒரு மாசச் சம்பளமுங்க."

நூருல்லா சாவியைப் பிடுங்கினார். நாலு பேர் போலீஸுக்குப் போன் போட்டார்கள். சீனிச்சாமியைத் தேடியபோது மேசை இருந்தது, ஆள் இல்லை. டூவீலரில் போய்விட்டானாம். பின் சீட்டு காலியாக.

திரும்பும்போது இரண்டு பேர் பேசிக்கொண்டு போனது முருகவேலின் காதில் விழுந்தது. "இவன் டுபாக்கூர்னு எனக்கு அப்பவே தெரியும். மங்கலம் ரோட்டுல ஒருத்தர் இருக்காரு, ஹாரன் சத்தத்தைக் கேட்டே எல்லாம் சொல்லிருவாராம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் வண்டி. சீட்டுகளில் உறை இல்லை. முருகவேல் சாவியைக் கையில் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏறு சித்ரா."

"எங்கீங்கண்ணா?"

அவர் வாயைத் திறந்தார். கடைசி வரிசை என்றுதான் நாக்கு போனது. பாதியில் நின்றது. சீனிச்சாமியிடம் நிரப்பிக் கொடுத்த ஃபாரம் ஞாபகம் வந்தது. தங்கை பக்கத்தில்தான் பேய் என்று ஆத்தப்பன் சொன்னபோது, தான் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படாததும் ஞாபகம் வந்தது. அவன் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. இந்த வீடு மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் சொல்லிக் காசு வாங்கினான்.

முன் கதவைத் திறந்துவிட்டார். அவருடைய அப்பா ஏதோ சொல்ல வந்தார். நித்யஸ்ரீ அவர் கையைப் பிடித்து நடு வரிசைக்கு இழுத்துக்கொண்டாள். இப்போது நடு வரிசையில் ஒருவர் அதிகம்; கடைசி வரிசைக்கு யார் என்று சாமியாத்தாள், அதாவது முருகவேலின் அம்மா, மருமகளைப் பார்த்தாள். மருமகள் ஜன்னலைப் பார்த்தாள். சித்ரகலா முன் சீட்டில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

குண்டடத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டி நின்றதும் முதலில் இறங்கியது அவள்தான். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் அங்கமுத்து, பெரிய மீசைக்காரர், முருகவேலை வேப்ப மரத்தடிக்கு ஓரங்கட்டினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நல்ல காரியத்துக்கு வாரப்ப, அவங்களை முன்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே."

"உக்கார வெச்சா என்னங்க ஆகும்?"

"என்ன ஆகும்னா... ஆகாதுங்க."

"ஆகாதுன்னு யாருங்க சொன்னது?"

"யாருன்னா... எல்லாரும் சொல்றதுதானுங்க."

"என்ர கிட்டயும் எல்லாருந்தானுங்க சொன்னாங்க," என்றார் முருகவேல். "நம்பிப் பதினோராயிரம் கொடுத்துப் புத்தி வாங்கிட்டு வந்திருக்கேன். உங்களுக்குச் சும்மாவே தர்றேன். ரெண்டு நிமிசம் இந்த மரத்தடியில நின்னு, நீங்களா யோசிச்சுப் பாருங்க."

அங்கமுத்து யோசிக்க ஆரம்பித்தார். பழக்கமில்லாத வேலை, நெற்றி வேர்த்துவிட்டது.